நாய்க் கேஸ் அப்பீலும் ஒரு கும்பிடும்

அரியலூர் கோர்ட்டில் எனக்கு இன்றைக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. நாய்க் கேஸ் மேடம். கறுப்புக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் அந்தப் பெயர் என்னை விடவில்லை. போன மாதம் பேங்க்கில் ஒரு பழைய குமாஸ்தா பத்துப் பேர் முன்னால் "நாய்க் கேஸ் மேடம் நல்லாருக்கீங்களா" என்று விசாரித்தார். வரிசையில் நின்றவர்கள் நான் ஏதோ நாய் பிடிக்கிற உத்தியோகத்தில் இருந்தவள் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. கொலைக் கேஸ் நடத்தியிருக்கிறேன், பாகப்பிரிவினையில் மூன்று தலைமுறைச் சண்டையைத் தீர்த்திருக்கிறேன். ஆனாலும் என் தொழிலில் நான் ரொம்பப் பெருமைப்படுகிற ஜெயிப்பு எது என்று கேட்டால் அந்த நாய்க் கேஸைத்தான் சொல்வேன்.

புதிதாக வக்கீல் கவுன் மாட்டியிருக்கிற உங்களுக்கு இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில்லறைக் கேஸ் வந்தால் "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போம்மா" என்று சொல்லி அனுப்புகிற வழக்கம் உங்களுக்கும் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். அதற்கு முன்னால் செல்வராணியைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அரியலூர் ஒருமுறை தனி மாவட்டமாகி, மறுபடியும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டிருந்த காலம் அது. எங்கள் ஊர்க்காரர்கள் அதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டே பெரம்பலூர் பஸ்ஸுக்கு நின்றார்கள். ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து செல்வராணி என் ஆபீஸுக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். கணவன் சிமெண்ட் ஆலையில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். அவள் தெருவில் எல்லார் வீட்டிலும் இரண்டு தலைமுறைக்கு முன்பு அடுத்தவர் முந்திரிக் காட்டில் கூலி வேலைதான். அவள் பத்தாவது பாஸ் செய்து, வீட்டிலேயே தெருப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வருடம் ஊர் பால்வாடிக்கு டீச்சராக அவளைத் தேர்வு செய்திருந்தார்கள். அந்தத் தெருவுக்கு வந்த முதல் அரசாங்க வேலை அது.

இனி நாய் விஷயம். அவள் வீட்டில் கருவாயன் என்று ஒரு நாய். பகலில் வாசல் பலாமரத்தில் சங்கிலி போட்டுக் கட்டித்தான் வைப்பாள், பிள்ளைகள் படிக்க வருகிற வீடு என்பதால். முந்திரிக்கொட்டை காயப்போட்டிருந்த ஒரு மத்தியானம், முந்திரிக் காட்டுக்காரர்கள் குடியிருக்கிற ஊர்த்தெருவைச் சேர்ந்த கலியபெருமாள் என்கிற பெரியவர் கூலி ஆள் கேட்டு வந்தார். வாசலில் குரல் கொடுத்துப் பார்த்தார். பதில் வரவில்லை. வெயில் தாங்காமல் பலாமர நிழலுக்குள் போய், நாயின் சோற்றுச் சட்டிக்குப் பக்கத்திலேயே குந்திவிட்டார். அது கெண்டைக்காலில் பல்லைப் பதித்துவிட்டது.

கொல்லையில் இருந்து ஓடிவந்த செல்வராணி காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒவ்வொரு ஊசிக்கும் அவள்தான் பஸ்ஸில் அழைத்துப் போய் அழைத்து வந்தாள். பெரியவரும் நன்றாக எழுந்து நடமாடினார், நாயும் நன்றாகத்தான் இருந்தது. அதோடு அந்த விவகாரம் முடிந்திருக்க வேண்டும்.

முடிய விடவில்லை ஒருத்தர். பால்வாடி வேலைக்குத் தேர்வுப் பட்டியலில் செல்வராணிக்கு அடுத்து இருந்த பெண்ணின் தாய்மாமன், ரோடு காண்டிராக்டர். பட்டியல் வந்ததும் அவருக்குத் திடீரென்று கலியபெருமாளின் காலின் மேல் அக்கறை பிறந்துவிட்டது. பெரியவரை வண்டியில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார். வளர்க்கிற பிராணியால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறிய குற்றம் என்று செல்வராணி மேல் கேஸ் போட்டார்கள். மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் ஒரே நாளில் அவளுக்குத் தண்டனையும் ஆகிவிட்டது. வெறும் அபராதம்தான். ஆனால் காண்டிராக்டர் அந்தத் தீர்ப்பின் நகலை எடுத்துக்கொண்டு நேராகப் பால்வாடி வேலை போடுகிற ஆபீஸருக்கு மனுப் போட்டார். கடிநாய் வளர்த்துத் தண்டனை வாங்கியவள் கையில் பச்சைப்பிள்ளைகளை விடலாமா என்று மனுவில் கேட்டிருந்தார். ஆபீஸர் நியமன உத்தரவை நிறுத்தி வைத்தார். அப்பீலில் தண்டனை ரத்தானால் வேலை இவளுக்கு, இல்லாவிட்டால் அடுத்த பெண்ணுக்கு என்று சொல்லிவிட்டார்.

எனக்குக் கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வந்தது. காண்டிராக்டர் மேல் ஒரு பங்கு, செல்வராணி மேல் இரண்டு பங்கு. படித்த பெண், கோர்ட்டில் போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறாளே என்று கத்தினேன். அவள் பயப்படவில்லை. மெதுவாகச் சொன்னாள்.

"நான் ஒத்துக்கவே இல்லைங்க வக்கீலம்மா. நாய் கடிச்சது நெசமான்னு கேட்டாங்க. நெசந்தாங்கன்னு சொல்லி, சபைக்கு விழுந்து கும்புட்டேன். பெரியவங்க பொறுத்துக்கணும்னேன். எந்திரிச்சு நடந்ததைச் சொல்லலாம்னு இருந்தேன். விழுந்து எந்திரிக்கறதுக்குள்ள கேஸு முடிஞ்சிருச்சுங்க."

நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். நான் பாடாலூர்ப் பக்கத்தில் பிறந்தவள். எங்கள் பக்கத்து ஊர்ப் பஞ்சாயத்துகளில் இது எல்லாருக்கும் தெரிந்த முறை. பிராது கொடுத்தவனும் சரி, பதில் சொல்ல வந்தவனும் சரி, முதலில் சபைக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "பெரியவங்க பொறுத்துக்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் பேச ஆரம்பித்தால் அவனுக்குத் திமிர் என்று அர்த்தம், அவன் சொல்கிற நியாயத்தை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். அதில் குற்றம் ஒப்புக்கொள்கிற பேச்சே கிடையாது. செல்வராணி வாழ்நாளில் பார்த்த ஒரே சபை அவள் ஊர்ச் சபைதான். கோர்ட்டையும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள்.

அந்த மாஜிஸ்ட்ரேட்டை நான் குறை சொல்ல மாட்டேன். வெளியூரிலிருந்து வந்தவர், கண்ணியமானவர். ஒரு நாளைக்கு அத்தனை சில்லறைக் கேஸ்களைத் தள்ளிவிட வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு பெண் தடாலென்று விழுந்து பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்? "குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரினார்" என்று எழுதி முடித்துவிட்டார்.

அந்த ஒரு வரி எங்கள் கழுத்தைப் பிடித்தது. உங்களுக்குத் தெரியும், குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு அப்பீல் கதவு பாதிதான் திறக்கும். தண்டனை அதிகம் என்று முறையிடலாம், குற்றமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. அவள் ஒப்புக்கொண்டதே செல்லாது என்று முதலில் காட்டினால்தான் மற்றதைப் பேச முடியும். கீழ்க்கோர்ட் தவறாக எழுதிவிட்டது என்று மேல்கோர்ட்டில் நின்று சொல்வது சாதாரணக் காரியம் இல்லை.

பெரம்பலூர் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் விசாரணைக்கு வந்தது. ஜட்ஜ் கறாரானவர், ஆனால் ஈவு இரக்கம் உள்ளவர். கேஸ் கட்டை வாசித்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து ஒரு வழி சொன்னார். தண்டனைத் தீர்ப்பு அப்படியே இருக்கட்டும், அபராதத்தை எடுத்துவிட்டு எச்சரித்து விடுவித்துவிடுகிறேன், சட்டப்படி அவளுக்கு வேலைக்குத் தடை வராது, சம்மதமா என்று கேட்டார். மத்தியானம் வரை யோசித்துச் சொல்லச் சொன்னார்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. சட்டப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. எனக்குக் கிட்டத்தட்ட நாக்கு நுனியில் "சம்மதம்" வந்துவிட்டது. கையில் கிடைத்ததை விட்டுவிட்டு மொத்தமாகத் தோற்றால் அந்தப் பெண்ணின் வேலை போய்விடும், பழி என் தலையில் விழும்.

சாப்பாட்டு நேரத்தில் மெஸ்ஸில் என் சீனியரைப் பார்த்தேன். வேறு கேஸுக்காக வந்திருந்தார். ரசம் ஊற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். நானாக இருந்தால் ஒத்துக்கொண்டு அடுத்த பஸ் ஏறியிருப்பேன் என்றார். நான் எழுந்திருக்கும்போது மட்டும், "ஏம்மா, அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டியா?" என்றார்.

நான் கேட்டிருக்கவில்லை. கோர்ட் வளாகத்து வேப்பமரத்தடியில் செல்வராணி பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜட்ஜ் சொன்ன வழியை அவளுக்குப் புரியும்படி சொன்னேன். அதில் இருக்கிற லாபத்தையும் சொன்னேன், எதிர்த்துப் போனால் என்னவாகும் என்பதையும் மறைக்கவில்லை. அவள் நிறைய யோசித்தாள். பிறகு கேட்டாள்.

"அப்பறமும் நான் தப்பு பண்ணவதான்னு பேப்பர்ல இருக்குங்களா?"

இருக்கும் என்றேன்.

"அப்ப வேண்டாங்க. வேலை கெடைச்சாலும் ஊர்ல புள்ளைய அனுப்ப மாட்டாங்க. வெறும் பால்வாடியில நான் மட்டும் குந்திக்கிட்டு என்னங்க பண்றது?"

அவள் சொன்னதுதான் நிஜம். நாங்கள் எல்லாரும் ஆபீஸர் கொடுக்கிற உத்தரவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் அதற்கு அப்பால், காலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரப்போகிற தாய்மார்களைப் பார்த்திருக்கிறாள்.

மத்தியானம் எழுந்து நின்று, அய்யா பெரிய மனதோடு சொன்ன வழிக்கு நன்றி, ஆனால் என் கட்சிக்காரர் குற்றம் செய்யவில்லை, அதனால் எச்சரிக்கை வேண்டாம் என்றேன். ஜட்ஜின் முகம் சட்டென்று மாறியது. சரி, அப்படியானால் வாதாடுங்கள் என்று பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டார்.

விழுந்து கும்பிடும் வழக்கத்தைப் பற்றிச் சொன்னேன். ஒப்புக்கொண்டவரின் வார்த்தைகளை அவர் சொன்னபடியே எழுத வேண்டும் என்கிற விதியைச் சொன்னேன். நாய் கடித்தது என்று ஒப்புக்கொள்வது வேறு, அஜாக்கிரதையாக இருந்தேன் என்று ஒப்புக்கொள்வது வேறு என்றும் சொன்னேன். அரசு வக்கீல் சிரித்துவிட்டார். காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டதை முறை, மரியாதை என்று சொன்னால் நாளைக்குத் திருடனும் அதையே சொல்வான் என்றார். கோர்ட்டில் இருந்தவர்களும் சிரித்தார்கள். ஜட்ஜ் என்னைப் பார்த்து, வழக்கம் என்கிறீர்கள், அதை நான் எதை வைத்து நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எழுத்தில் காட்ட ஒரு ஆதாரமும் நான் கொண்டுவந்திருக்கவில்லை. இருந்த தைரியம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில் எனக்கு உதவி செய்தவர் யார் தெரியுமா? காண்டிராக்டர். மனிதர் விஷயத்தை இன்னும் உறுதிப்படுத்திவிடலாம் என்று கலியபெருமாளையும் வண்டியில் ஏற்றிக் கூட்டி வந்திருந்தார். பின்வரிசையிலிருந்து எழுந்து வந்து அரசு வக்கீலின் காதில் ஏதோ ஓதினார். அரசு வக்கீலும், பாதிக்கப்பட்டவரே கோர்ட்டில் இருக்கிறார், காயத்தின் தழும்பை அய்யா ஒருமுறை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்.

அப்பீலில் இப்படி ஆளைக் கூப்பிட்டுப் பேசவைப்பது முறை இல்லை. நான் எழுந்து ஆட்சேபித்திருந்தால் ஜட்ஜ் அத்தோடு நிறுத்தியிருப்பார். பக்கத்தில் இருந்த வக்கீல் நண்பர் என் முழங்கையை இடித்தார், எழுந்திரு என்று. எழத்தான் போனேன். அப்போது பின்வரிசையிலிருந்து பெரியவர் மேல்துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டே வருவதைப் பார்த்தேன். பார்த்தவுடன் நாற்காலியில் அழுத்தி உட்கார்ந்துவிட்டேன்.

கலியபெருமாள் ஜட்ஜின் மேடைக்கு முன்னால் வந்து நின்றார். யாரையும் பார்க்கவில்லை. கை இரண்டையும் நீட்டி, அந்தச் சிமெண்ட் தரையில் முழு உடம்பும் படிய விழுந்தார். விழுந்தபடியே சொன்னார்.

"பெரியவங்க பொறுத்துக்கணும்."

அரசு வக்கீல் முகத்தில் ஈயாடவில்லை. ஜட்ஜ் ஒரு கணம் அந்தப் பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். சொல்ல வேண்டியதை எல்லாம் எதிர்க்கட்சியே சொல்லி முடித்திருந்தது.

ஜட்ஜ் அவரை எழுந்திருக்கச் சொன்னார். நீங்கள் என்ன குற்றம் செய்தீர்கள், எதற்குப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். பெரியவர் திருதிருவென்று விழித்தார்.

"நான் ஒண்ணும் பண்ணலீங்களே. சபையில பேசணும்னா விழுந்துட்டுத்தானங்க பேசணும்?"

இந்தத் தடவை சிரிப்பு ஜட்ஜிடமிருந்தே வந்தது. சிரிப்பு அடங்கியதும், அப்போது நாய் எங்கே இருந்தது என்று மட்டும் கேட்டார்.

"கட்டித்தாங்க கெடந்துச்சு. நாந்தான் வெயிலுக்குச் சங்கிலிக்குள்ளாற போயிக் குந்திட்டேன். அந்தப் புள்ள மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்லீங்க. ஊசிக்கெல்லாம் அதுதான் கூட்டிப் போச்சு."

காண்டிராக்டர் எப்போது வெளியே போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

அரசு வக்கீல் கெட்டிக்காரர், விடவில்லை. பெரியவர் இப்போது சொன்னது சாட்சியம் ஆகாது, வேண்டுமானால் கேஸைத் திரும்ப மாஜிஸ்ட்ரேட்டுக்கே மறுவிசாரணைக்கு அனுப்பலாம் என்றார். அது நடந்திருந்தால் செல்வராணிக்கு இன்னும் எத்தனை மாதம் போயிருக்குமோ. நான் அப்போதுதான் மறுபடியும் எழுந்தேன். பெரியவர் முதல் நாளே போலீஸிடம் கொடுத்து, கேஸ் கட்டிலும் இருக்கிற வாக்குமூலத்தில் இதையேதான் சொல்லியிருக்கிறார், நாய் கட்டியிருந்தது என்று போலீஸ் தரப்பே சொல்லும்போது எந்த அஜாக்கிரதையைத் திரும்ப விசாரிப்பது என்று கேட்டேன். இரண்டே வாக்கியம். உட்கார்ந்துவிட்டேன்.

ஜட்ஜ் அங்கேயே தீர்ப்பைச் சொல்லி டைப் செய்யவைத்தார். அவள் குற்றத்தை ஒப்புக்கொள்ளவே இல்லை, போலீஸ் சொல்வதை அப்படியே நம்பினாலும் இதில் குற்றம் எதுவும் இல்லை, அதனால் தண்டனை ரத்து, விடுதலை. சந்தேகத்தின் பலன் என்கிற பேச்சே அதில் இல்லை. நான் எழுந்து கும்பிட்டேன். வெளியே வந்ததும் எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. வயது நாற்பதைத் தாண்டிய பெண், கோட்டும் கவுனுமாக, பெரம்பலூர் கோர்ட் படியில் நின்று செல்வராணியின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தேன். அவள் அழுதாள், சிரித்தாள், பிறகு பசிக்கிறது என்றாள். அந்தப் பொட்டலத்தைப் படியிலேயே பிரித்து இரண்டு பேரும் சாப்பிட்டோம். நான் மெஸ்ஸில் சாப்பிட்டிருந்தேன் என்பதே மறந்துவிட்டது.

மறுவாரம் வக்கீல்கள் உட்காரும் பார் ரூமில் சீனியர் எல்லார் முன்னாலும், "வாங்க நாய்க் கேஸ் மேடம்" என்றார். பட்டப்பெயர் அப்படித்தான் வந்தது. நான் ஜெயித்த காரணத்தைக் கேட்டார். எழுந்திருக்காமல் உட்கார்ந்தேன், அதனால் ஜெயித்தேன் என்றேன். பாதி கேலிக்குச் சொன்னதுதான். ஆனால் இளம் வக்கீல்களே, கோர்ட்டில் பேச எல்லாருக்கும் வரும். எதிரி உங்களுக்காகப் பேச வரும்போது குறுக்கே விழாமல் இருக்கத்தான் நிதானம் வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், கட்சிக்காரரைக் கேட்காமல் அவருக்கு எது நல்லது என்று நீங்களே தீர்மானிக்காதீர்கள். அன்றைக்கு நான் சம்மதம் என்று சொல்லியிருந்தால் எல்லாரும் என்னைக் கெட்டிக்காரி என்றுதான் பாராட்டியிருப்பார்கள்.

வேலை உத்தரவு செல்வராணிக்குத்தான் வந்தது. கொஞ்ச நாள் கழித்து ஒரு நிலத் தகராறுக்காக மீன்சுருட்டிப் பக்கம் போன நான், திரும்பும் வழியில் அவள் ஊர்ப் பால்வாடிக்குப் போனேன். உள்ளே அவள் தெருப்பிள்ளைகள் மட்டும்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஊர்த்தெருவிலிருந்து இன்னும் ஒரு குழந்தையும் வரவில்லை என்று சொன்னாள். குரலில் குறை இல்லை, ஆனால் பேசும்போது கண் வாசலுக்கே போய்க்கொண்டிருந்தது. கோர்ட்டில் ஜெயித்தும் இந்தப் பெண் பயந்தபடியே ஆகிவிட்டதே என்று நினைத்தேன்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். கலியபெருமாள். இடுப்பில் பேத்தி, ஒரு கையில் தட்டு, குழந்தை அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. அவருக்குப் பின்னால், ஊர்த்தெருப் பெண்கள் மூன்று பேர் தங்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, முதலில் இவர் போகட்டும் என்று நின்றிருந்தார்கள்.

அதுவரைக்கும் அந்த மனிதர் செல்வராணியின் தெருவில் யாரையும், பெரியவர்களைக்கூட, 'ங்க' போட்டுப் பேசியதில்லை. பேத்தியை இறக்கி அவள் கையில் கொடுத்தார்.

"டீச்சர், மொத நாளு, கொஞ்சம் அழுவா. பாத்துக்குங்க."